பாதித் துவைப்பில் உயிர் போகிறது, அரை மணியில் திரும்பி வருகிறது: வாஷிங் மெஷின் போர்டுதானா?

பிப்ரவரி 3, காலை. கேள்வி

முன்பக்கக் கதவு உள்ள மெஷின். வாங்கி ஏழெட்டு வருடம் இருக்கும். துவைத்துக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடுகிறது. டிஸ்ப்ளே இல்லை, விளக்கு இல்லை, பிளக்கைப் பிடுங்கிவிட்ட மாதிரி. அரை மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் தானாகவே எழுந்து, விட்ட இடத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. எம்சிபி (மின்னோட்டம் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) விழுவதில்லை. மெக்கானிக், மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டு போய்விட்டது என்கிறார். அவர் வந்தபோது மெஷின் சமர்த்தாக ஓடியது என்பது தனிக் கதை. போர்டு மாற்றினால் சரியாகிவிடுமா?

பிப்ரவரி 3, இரவு

இப்போதைக்கு மாற்றாதீர்கள்.

நீங்கள் சொன்னதில் இரண்டு விஷயம் போர்டுக்குச் சாதகமாக இருக்கிறது. விட்ட இடத்திலிருந்து ஓடுகிறது என்றால், எந்தக் கட்டத்தில் நின்றோம் என்பதை அது நினைவில் வைத்திருக்கிறது. கரண்ட் போய் வந்தால் ஒரு நல்ல போர்டு என்ன செய்யுமோ அதைத்தான் செய்கிறது. இரண்டாவது, அரை மணி நேரம். போர்டில் உள்ள மின்வழங்கிப் பகுதி, அதாவது 230 வோல்ட்டை 12, 5 வோல்ட்டாக ஆக்கும் பகுதி, பலவீனமாகிவிட்டால் போர்டிலுள்ள ஏதாவது ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) 'டக்' என்று இழுக்கும் நொடியில் டிஸ்ப்ளே அணைந்து சில நொடிகளில் மீண்டும் எரியும். உப்பிப்போன கெப்பாசிட்டர் (மின்னேற்றத்தைப் பிடித்து வைக்கும் பாகம்) உள்ள போர்டுகள் அப்படித்தான் செய்யும். அரை மணி என்பது வேறு கணக்கு. எதுவோ சூடாகி விடுபடுகிறது, ஆறியதும் மறுபடி ஒட்டுகிறது.

பிப்ரவரி 3, இரவு, படுக்கப் போகும் முன்

கேட்க விட்டுப்போனது: எந்தக் கட்டத்தில் அணைகிறது? தண்ணீர் நிரம்பும்போதா, சூடாக்கும்போதா, தண்ணீரை வெளியேற்றும்போதா, ஸ்பின்னிலா? மெஷின் 'நின்றுவிட்டது' என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்போது நின்றது என்று சொல்பவர்கள் குறைவு. பாதி நோய் அந்த 'எப்போது'வில்தான் இருக்கிறது. அடுத்த முறை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். உட்கார்ந்தால் ஓடும், எழுந்து போனால் நிற்கும், அது எல்லா மெஷினுக்கும் உள்ள குணம்.

பிப்ரவரி 4

மெக்கானிக் வந்தால் மட்டும் ஏன் ஓடுகிறது என்று யோசித்தேன். இதில் மாயம் ஒன்றுமில்லை. வருபவர் துணி இல்லாமல், குளிர்ந்த தண்ணீரில், ஏதாவது சின்ன புரோகிராமைப் போட்டுப் பத்து நிமிடம் பார்ப்பார். ஹீட்டருக்கு வேலை இல்லை, டிரம்முக்குப் பாரம் இல்லை, ஸ்பின் வரை காத்திருக்க அவருக்கு நேரமும் இல்லை. நோய் வரும் சூழ்நிலை எதுவுமே அந்தப் பத்து நிமிடத்தில் வருவதில்லை. அப்புறம் அவர் எதைச் சொல்வார்? கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத்தான் சொல்வார். போர்டு.

என் மச்சான் வீட்டில் இப்படித்தான் போர்டை மாற்றினார்கள். புது போர்டோடு அடுத்த வாரமே அதே மாதிரி அணைந்தது. காரணம் சாக்கெட்டுக்குள் தளர்ந்துபோன ஒரு ஸ்க்ரூ. சுவரில் பொருத்தியிருந்த பிளேட்டைக் கழற்றியதுமே கருகல் வாசனை வந்தது.

அதனால் மெஷினைத் திறக்கும் முன் ஒரு வேலை. மெஷின் பிளக் இருக்கும் அதே இடத்தில் ஒரு மேசை விளக்கையும் போட்டு எரியவிடுங்கள். மெஷின் அணையும்போது விளக்கும் அணைந்தால் குற்றம் சுவர்ப் பக்கம். விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் குற்றம் மெஷின் பக்கம். மல்டிமீட்டர் இல்லாத வீட்டிலும் செய்யலாம், உயிருக்கும் ஆபத்தில்லை.

எக்ஸ்டென்ஷன் பெட்டி வழியாக ஓட்டுகிறீர்களா? அப்படியானால் முதலில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நேராகச் சுவரில் மாட்டுங்கள்.

பிப்ரவரி 6, காலை. கேள்வி கேட்டவர்

எக்ஸ்டென்ஷன் இல்லை, நேராகச் சுவரில்தான். இரட்டை சாக்கெட், ஒன்றில் மெஷின், இன்னொன்றில் விளக்கு. 60 டிகிரியில் போட்டேன். இருபது நிமிடம் ஆகியிருக்கும், மெஷின் போனது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. மறுநாள் குளிர்ந்த நீரில் போட்டேன், முழுக்க ஓடி முடித்தது.

பிப்ரவரி 6, இரவு

அருமை. இப்போது கணக்குப் போடலாம்.

துவைக்கும் மெஷினில் பெரிய தீனிக்காரன் ஹீட்டர்தான். 2000 வாட் ஹீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் அது இழுப்பது சுமார் 8.7 ஆம்பியர். குளிர்ந்த நீரில் டிரம் இப்படியும் அப்படியும் புரளும்போது 2 ஆம்பியர் போனாலே அதிகம். இந்த மின்சாரம் போகும் வழியில் எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்து, அதில் அரை ஓம் தடை உருவாகியிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். தடையில் உண்டாகும் சூடு, மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 2 ஆம்பியரில் அந்த இணைப்பில் வெறும் 2 வாட். 8.7 ஆம்பியரில் ஏறக்குறைய 38 வாட். சால்டரிங் அயர்ன் ஒன்றை மெஷினுக்குள் ஒளித்துவைத்து ஆன் செய்த மாதிரி. உலோகம் விரிகிறது, பிடி நழுவுகிறது, தொடர்பு அறுகிறது. ஆறினால் சுருங்கி மறுபடி தொடுகிறது. உங்கள் அரை மணி நேரம் இதுதான் என்று நினைக்கிறேன்.

எம்சிபி ஏன் விழவில்லை என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. எம்சிபி பார்ப்பது மின்னோட்டம் அளவு மீறுகிறதா என்று மட்டும். தளர்ந்த இணைப்பு வழியாகப் போவது வழக்கமான 8.7 ஆம்பியரேதான், சொல்லப்போனால் ஒரு சொட்டு குறைவு. ஒயர் கருகினாலும் எம்சிபி அசையாது. எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் விழும் ஆர்சிசிபிக்கும் தெரியாது, ஏனென்றால் இங்கே எர்த்துக்கு எதுவும் கசியவில்லை.

பிப்ரவரி 7

விளக்கு சோதனை பற்றி நான் எழுதியதில் ஒரு சின்னத் திருத்தம். விளக்கு பக்கத்து சாக்கெட்டில் இருந்தது. அது எரிந்தது என்றால் சுவருக்குள் வரும் ஒயர் சரி, அவ்வளவுதான். மெஷின் பிளக்கின் முள்ளும் சாக்கெட்டின் உள்ளே இருக்கும் பிடியும் சேரும் இடம் இன்னும் சந்தேகப் பட்டியலில்தான் இருக்கிறது. அடுத்த முறை வெந்நீர்த் துவைப்பில் மெஷின் அணைந்ததும் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, முட்களைக் கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சகஜம். தொட முடியாத சூடோ, முள்ளில் நீலமோ பழுப்போ பாய்ந்திருந்தாலோ வழக்கு அங்கேயே முடிந்தது.

பிப்ரவரி 8

இடையில் இன்னொருவர் கேட்டிருக்கிறார்: அவர் மெஷின் போட்டால் வீட்டுக்கே ஆர்சிசிபி விழுகிறதாம். அது வேறு நோய், இதோடு குழப்ப வேண்டாம். ஆனால் எனக்கே நேர்ந்தது என்பதால் எழுதுகிறேன்.

என் பழைய மெஷினில், ஈரமான நாட்களில் மட்டும், அதுவும் ஃப்ரிட்ஜ் ஓடும்போது மட்டும் ஆர்சிசிபி விழும். வீட்டில் எல்லோரும் ஃப்ரிட்ஜைச் சந்தேகப்பட்டார்கள். உண்மையில் இருவரும் கூட்டாளிகள். வாஷிங் மெஷினுக்குள் கரண்ட் நுழையும் வாசலில், மின் இரைச்சலை வடிகட்டும் நாய்ஸ் ஃபில்டர் ஒன்று இருக்கும். அதிலுள்ள கெப்பாசிட்டர்கள் வழியாக எர்த்துக்கு எப்போதும் கொஞ்சம் மின்சாரம் கசியும். அது கோளாறு அல்ல, அதன் வடிவமைப்பே அப்படி. அதோடு ஹீட்டர் பழசாகியிருந்தது. ஹீட்டர் குழாய்க்குள் கம்பிச் சுருளைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு பொடி அடைத்திருப்பார்கள். குழாயில் மயிரிழை விரிசல் விட்டால் அந்தப் பொடி ஈரத்தை உறிஞ்சிவிடும், காப்பு போய்விடும். மெஷினின் கசிவு கொஞ்சம், ஃப்ரிட்ஜின் கசிவு கொஞ்சம், இரண்டும் சேர்ந்தால் ஆர்சிசிபி விழும். 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் 15க்கு மேல் எங்கே வேண்டுமானாலும் அது விழலாம், விதியே அப்படித்தான்.

சோதிக்க: பிளக்கைக் கழற்றி, ஹீட்டரின் ஒயர்களை உருவிவிட்டு, இரண்டு முனைகளுக்கு நடுவே அளந்தால் 2000 வாட் ஹீட்டருக்கு 26 ஓம் பக்கத்தில் வர வேண்டும். ஒரு முனைக்கும் உலோக உடலுக்கும் நடுவே எதுவுமே காட்டக் கூடாது. சாதாரண மல்டிமீட்டர் சின்ன பேட்டரி வோல்ட்டேஜில் அளப்பதால் இந்த இரண்டாவது சோதனையில் ஏமாற்றும். 500 வோல்ட் கொடுத்து மின் காப்பை அளக்கும் மெக்கர் வைத்திருப்பவர் அளந்தால்தான் உண்மை தெரியும். எனக்கு மெக்கரில்தான் தெரிந்தது. ஹீட்டரை மாற்றியதோடு ஃப்ரிட்ஜ் நிரபராதியானது.

ஸ்பின்னில் மட்டும் ஆர்சிசிபி விழுந்தால் ஹீட்டரை விட்டுவிட்டு மோட்டாரைப் பாருங்கள். கார்பன் பிரஷ் வைத்த பழைய வகை மோட்டாரில் பிரஷ் தேய்ந்து, அந்தக் கரித்தூள் உள்ளே படிந்து எர்த்துக்கு வழி போட்டுவிடும்.

பிப்ரவரி 8, சற்று நேரம் கழித்து

மேலே மூடி உள்ள மெஷின் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வரி. சில பழைய மாடல்களில் பவர் பட்டனுக்குள் ஒரு காயில் இருக்கும். துவைத்து முடிந்ததும் போர்டு அந்தக் காயிலுக்கு ஒரு துடிப்பு அனுப்பும், பட்டன் 'டொக்' என்று வெளியே வந்து மெஷின் முழுவதும் அணையும். பாதித் துவைப்பில் அந்த 'டொக்' கேட்டால் மின்சாரம் போகவில்லை, மெஷினே தன்னை அணைத்துக்கொண்டது. காயிலை இயக்கும் எலக்ட்ரானிக் சுவிட்சான டிரையாக் கெட்டிருக்கலாம், பட்டனின் கொக்கி தேய்ந்திருக்கலாம். சத்தம் கேட்டதா என்று கேளுங்கள் என்பேன், எல்லோரும் டிவி ஓடிக்கொண்டிருந்தது என்பார்கள்.

பிப்ரவரி 10, காலை. கேள்வி கேட்டவர்

பிளக் முள் வெதுவெதுப்புதான், நிறம் மாறவில்லை. ஆனால் ஒரு சிக்கல். நேற்று குளிர்ந்த நீரிலும் அணைந்துவிட்டது, ஸ்பின்னில். அப்போதே மெக்கானிக்கை வரவழைத்தேன். வரும்வரை எழுந்திருக்கவில்லை. மூடியைக் கழற்றி, போர்டுக்கு வரும் ஒயரில் டெஸ்டர் வைத்தார், எரிந்தது. 'கரண்ட் போர்டு வரை வருகிறது, போர்டு வேலை செய்யவில்லை, இனி என்ன சந்தேகம்' என்கிறார். எனக்கும் சந்தேகம் போய்விட்டது, உண்மையைச் சொன்னால்.

பிப்ரவரி 10, இரவு

எனக்குப் போகவில்லை. கூடிவிட்டது.

முதலில் ஸ்பின். சூடுதான் ஒரே காரணம் என்று பிடித்துக்கொண்டிருந்தால் இது இடிக்கும், ஸ்பின்னில் ஹீட்டர் ஓடாது. ஆனால் தளர்ந்த இணைப்பு என்ற இடத்திலிருந்து பார்த்தால் இடிக்கவில்லை. நிமிடத்துக்கு 1000, 1200 சுற்று சுற்றும்போது பெட்டி முழுவதும் அதிர்கிறது. ஏற்கெனவே சூட்டில் பிடி தளர்ந்த டெர்மினல், அதாவது ஒயர் முனையிலுள்ள உலோக இணைப்பு, அந்த அதிர்வில் விலக எவ்வளவு நேரம் ஆகும்? முதலில் சூட்டில் மட்டும் விட்டது, இப்போது ஆட்டத்திலும் விடுகிறது. நோய் முற்றுகிறது, அவ்வளவுதான். சூட்டில் விலகியது ஆறினால் சேரும். ஆட்டத்தில் விலகியது யாராவது தட்டினால்தான் சேரும், அதனால்தான் இந்த முறை எழுந்திருக்கவில்லை.

அடுத்தது டெஸ்டர். ஸ்க்ரூடிரைவருக்குள் நியான் விளக்கு வைத்த அந்தச் சாதனம் பேஸ், அதாவது கரண்ட் வரும் ஒயர், உயிரோடு இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் ஒயர், அறுந்திருந்தாலும் அது எரியும். போர்டுக்கு இரண்டும் வேண்டும். பேஸ் வந்து நியூட்ரல் வராத போர்டு செத்த போர்டு மாதிரியேதான் இருக்கும். சொல்லப்போனால் நியூட்ரல் முனையில் வைத்தாலும் டெஸ்டர் எரிந்திருக்கும், ஏனென்றால் போர்டின் பாகங்கள் வழியாகப் பேஸ் சுற்றி வந்து அறுந்த நியூட்ரலில் நிற்கும். மல்டிமீட்டரை பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே வைத்து 230 பக்கத்தில் காட்டியிருந்தால் போர்டைக் குற்றம் சொல்லலாம். அவர் அதைச் செய்யவில்லை.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. நியூட்ரல் விட்டுப்போன மெஷின் பார்வைக்குச் செத்துக் கிடக்கும், உள்ளே தொடும் இடமெல்லாம் பேஸ். டிஸ்ப்ளே எரியவில்லை, அதனால் கரண்ட் இல்லை என்று நினைத்துக் கையை விட்டுவிடாதீர்கள்.

பிப்ரவரி 11

உள்ளே பார்க்கத் துணிந்தால்: சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கை உருவி கண்ணுக்குத் தெரியும் இடத்தில் போடுங்கள். பத்து நிமிடமாவது பொறுங்கள், இன்வெர்ட்டர் மோட்டார் (எலக்ட்ரானிக்ஸ் மூலம் வேகம் மாறும் வகை) உள்ள மெஷினில் கெப்பாசிட்டர்கள் 325 வோல்ட் டிசி வரை பிடித்து வைத்திருக்கும். மேல்மூடிக்குப் பின்பக்கம் பெரும்பாலும் இரண்டு ஸ்க்ரூ. பின்னுக்குத் தள்ளித் தூக்கினால் வந்துவிடும்.

பவர் கார்டு மெஷினுக்குள் நுழையும் இடத்திலிருந்து ஒயரைப் பின்தொடர்ந்து போங்கள். முதலில் வருவது டெர்மினல் பிளாக், அல்லது நேராக நாய்ஸ் ஃபில்டர். ஃபில்டர் என்பது தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய உலோக டப்பாவோ பிளாஸ்டிக் டப்பாவோ, உள்ளே வரும் ஒயர் இரண்டு, வெளியே போகும் ஒயர் இரண்டு, ஓர் எர்த் ஒயர். ஒவ்வொரு டெர்மினலையும் பிடித்து மெதுவாக இழுங்கள். நல்ல டெர்மினல் பிடிவாதம் பிடிக்கும். லேசாக வருவதுதான் உங்கள் ஆள்.

எலி கடித்த தடயம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒயர் தோலில் சின்னச் சின்னப் பல் வரிசை தெரியும். பவுடர் போடும் டிராயரின் கீழே தண்ணீர் ஒழுகிய வெள்ளைக் கோடு இருக்கிறதா என்றும்.

பிப்ரவரி 13, மாலை. கேள்வி கேட்டவர்

கிடைத்தது. ஃபில்டரில் ஒயர் நுழையும் பக்கம், நீல ஒயர். டெர்மினலைச் சுற்றியிருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் உறை காப்பி நிறமாகி, ஒரு மூலையில் உருகி வழிந்திருக்கிறது. தொட்டதும் பொடிந்தது. டெர்மினலை இழுக்கவே வேண்டியதில்லை, விரல் பட்டதும் கையோடு வந்தது. ஒயரின் ரப்பர் ஒரு விரற்கடை நீளத்துக்கு வெறைத்துப்போய், வளைத்தால் ஒடிகிறது. பக்கத்தில் உள்ள பழுப்பு ஒயர் புதுசு மாதிரி இருக்கிறது. டெர்மினலை பிளையரால் நெருக்கிவிட்டு மாட்டிவிடலாமா?

பிப்ரவரி 13, இரவு

நீல ஒயர். நியூட்ரலேதான்.

பிளையர் வேண்டாம். சூடேறிய டெர்மினல் ஸ்பிரிங் குணத்தை இழந்துவிடும். நெருக்கினால் இன்று பிடிக்கும், நாலைந்து வெந்நீர்த் துவைப்பில் மறுபடி விரியும். ஒயரையும் வெறைத்த பகுதி முழுவதும் வெட்டி, செம்பு பளபளவென்று தெரியும் வரை போக வேண்டும். கறுத்த செம்பில் டெர்மினலை நெருக்கிப் பொருத்தினால் (கிரிம்ப் செய்தால்) அந்தக் கறுப்பே புது தடை. புது டெர்மினல், ஒயரின் தடிமனுக்குப் பொருத்தமானது, 6.3 மில்லிமீட்டர் அகலம்தான் வழக்கம், ஃபில்டரின் நாக்கை, அதாவது டெர்மினல் மாட்டும் தகட்டை, அளந்து வாங்குங்கள். கிரிம்பிங் டூல் உள்ளவரிடம் கொடுத்துச் செய்யுங்கள். சுற்றி டேப் ஒட்டுவது, ஈயம் வைத்துப் பற்றவைப்பது எல்லாம் இங்கே வேண்டாம். மறுபடி சூடானால் ஈயம் இளகும்.

இனி ஃபில்டர். அதன் நாக்கு குழி விழுந்தோ நீலம் பாய்ந்தோ இருந்தால், அடியில் உள்ள பிளாஸ்டிக் இளகி நாக்கு ஆடினால், ஃபில்டரையும் மாற்றுங்கள். ஒரு பக்கம் புதுசாகவும் மறுபக்கம் கருகியும் இருந்தால் புதுசும் சீக்கிரம் கருகும்.

பிப்ரவரி 14

ஸ்டெபிலைசர் வைத்தால் இதெல்லாம் வராதா என்று வேறொருவர். வரும். ஸ்டெபிலைசர் வோல்ட்டேஜைச் சரிசெய்யும், தளர்ந்த டெர்மினலை இறுக்காது. மெஷின் அணையும்போது வீட்டு விளக்குகள் மங்குகின்றன என்றால் வோல்ட்டேஜ் விஷயம் பேசலாம். சில விளக்கு மங்கி, சில விளக்கு வழக்கத்தை விடப் பிரகாசமாக எரிந்தால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அது வீட்டுக்கு வரும் நியூட்ரல் ஆடுவதன் அறிகுறி, வாஷிங் மெஷின் மட்டுமல்ல, எல்லாச் சாமானும் போகும்.

பிப்ரவரி 17, காலை. கேள்வி கேட்டவர்

ஃபில்டரின் நாக்கும் ஆடியது, இரண்டையும் மாற்றினோம். அதே மெக்கானிக்தான் செய்துகொடுத்தார், போர்டு பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. 60 டிகிரி, துணி நிறைய, ஸ்பின் முழு வேகம், ஓடி முடித்தது. ஒரு கேள்வி: புது ஃபில்டர் கிடைக்கும்வரை அதை விட்டுவிட்டு ஒயரை நேராகச் சேர்த்தாலும் ஓடும் என்று அவர் சொன்னார். உண்மையா?

பிப்ரவரி 17, இரவு

ஓடும். செய்யக் கூடாது. ஃபில்டர் இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. மோட்டார் கிளப்பும் மின் இரைச்சல் வெளியே போய் மற்ற சாதனங்களைக் கெடுக்காமல் பார்க்கிறது, வெளியிலிருந்து வரும் திடீர் துடிப்புகள் போர்டைத் தாக்காமல் கொஞ்சம் உறிஞ்சுகிறது. அதை எடுத்துவிட்டு ஓட்டினால், இத்தனை நாள் நிரபராதியாக இருந்த போர்டு உண்மையிலேயே போய்விடும், அவர் சொன்னதும் பலித்துவிடும்.

இன்னும் ஒரே ஒரு வேலை. சில வாரம் ஓடிய பிறகு, ஒரு வெந்நீர்த் துவைப்பு முடிந்ததும் பிளக்கை உருவிவிட்டு, முன்பு சொன்ன மாதிரி பொறுத்து, மேல்மூடியைத் திறந்து அந்தப் புது டெர்மினலை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். அசையாமல் இருந்து, உறையும் வெள்ளையாகவே இருந்தால் மூடிவிடலாம். பழுப்பு ஒயர் பக்கமும் பாருங்கள், அதுவும் அதே வயதுதான்.